பழைய ரெமிங்டன் 700: டிரிகரை லேசாக்கும் முன்

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். மான் வேட்டைக்காக ரெமிங்டன் 700 ரைஃபிள் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டிரிகர் கனமாக இருக்கிறது, இழுக்கும்போது நறநறவென்றும் இருக்கிறது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். நானே செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். உங்கள் துப்பாக்கியில் இருப்பது எந்த டிரிகர் என்று முதலில் தெரிய வேண்டும். மேகசினிலும் சேம்பரிலும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்த்துவிட்டு, டிரிகரில் விரல் படும் பக்கத்தைத் தடவுங்கள். பழைய சொந்தக்காரர் வேறு கம்பெனி டிரிகர் போடாதிருந்தால், வரிவரியாக இருப்பது வாக்கர் என்ற பழைய ரெமிங்டன் டிரிகர், வழவழப்பாக இருப்பது அதற்குப் பின் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ.

வழவழப்பானது என்றால் விஷயம் சுருக்கமானது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர்களை ரெமிங்டனே திரும்ப அழைத்தது. பூட்டும்போது பசை அதிகமாகிவிட்டதால் டிரிகரைத் தொடாமலேயே வெடிக்கக்கூடும் என்பது காரணம். டிரிகருக்கு முன்னால் இருக்கும் சின்ன போல்ட் ரிலீஸில் (சேம்பரை மூடும் போல்ட்டை வெளியே எடுக்க அழுத்தும் விசை) புள்ளிபோல ஒரு பஞ்ச் குறி இருந்தால் அது சரிசெய்யப்பட்டது. குறி இல்லையென்றால் தோட்டா போடவே போடாதீர்கள், நேராக கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டுபோங்கள்.

வாக்கர் என்றால் கொஞ்சம் விளக்க வேண்டும். 1962-இல் 700 வந்ததிலிருந்து, எக்ஸ்-மார்க் ப்ரோ வரும்வரை பெரும்பாலும் இந்த டிரிகர்தான். இதில் டிரிகருக்கும் சியருக்கும் (தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் பாகம்) நடுவே கனெக்டர் என்ற மெல்லிய தகடு ஒன்று தனியாக இருக்கிறது. டிரிகரோடு அது பூட்டப்படவில்லை, ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் நொடிப்பொழுது விலகித் திரும்புகிறது. அந்த இடுக்கில் தூசியோ காய்ந்த எண்ணெயோ சேர்ந்தால், தகடு முழுசாகத் தன் இடத்துக்கு வராது. சியர் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். அப்போது சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் பூட்டு) நகர்த்தினாலோ போல்ட்டைத் தொட்டாலோ வெடிக்கலாம் என்பதுதான் பல வருடங்களாக நடந்த வழக்குகளின் சாரம். டிசைனில் குறையில்லை என்றே நிறுவனம் வாதாடியது. ஆனாலும் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது டிரிகரை மாற்றித்தர ஒப்புக்கொண்டது.

உங்கள் நண்பர் சொல்லும் ஸ்க்ரூ வாக்கரில் ஒன்றல்ல, மூன்று. முன்பக்கம் கீழே இருப்பது டிரிகரை இழுக்கத் தேவையான எடை, மேலே இருப்பது சுட்டபின் டிரிகர் நகரும் தூரம், பின்பக்கம் இருப்பது சியரின் பிடிமானம். லேசாக்குகிறேன் என்று ஆரம்பிப்பவர்கள் பலரும் கடைசியில் கை வைப்பது அந்தப் பின் ஸ்க்ரூவில்தான். பிடிமானம் குறைந்தால் டிரிகர் தடங்கலே இல்லாமல் சட்டென்று விடுபடும், அருமையாக இருக்கும். கூடவே, துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கும் நிலைக்கும் போய்விடும். மூன்று ஸ்க்ரூவின் மேலும் ஃபேக்டரியில் சீல்போலப் பூசிய லாக்கர் (வார்னிஷ் மாதிரி) இருக்கும். அது உடைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். செகண்ட் ஹேண்டில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

கனமும் நறநறப்பும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். நறநறப்பு பெரும்பாலும் அழுக்குதான். லைட்டர் திரவத்தை ஊற்றி டிரிகரை அலசி, காயவிடுங்கள். மேலே எண்ணெய் போடாதீர்கள். உங்கள் ஊரில் நவம்பர் 15-இல் சீசன் தொடங்கும்போது அடிக்கிற குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும். அப்புறம் இழுக்கும் எடையை அளக்கும் டிரிகர் கேஜ் ஒன்று வாங்கி ஐந்தாறு முறை இழுத்து அளந்து பாருங்கள். எடையைவிட, ஒவ்வொரு முறையும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பது முக்கியம். அரை பவுண்டுக்கு மேல் ஏறி இறங்கினால் உள்ளே தேய்மானம் இருக்கலாம். வேட்டைக்கு மூன்றிலிருந்து மூன்றரை பவுண்டு போதும். தடித்த கையுறையோடு அதற்குக் கீழே போவது தேவையில்லாத ஆபத்து.

என் கருத்து: வாக்கராக இருந்தால் அதைச் சரிசெய்து காசை வீணாக்காதீர்கள். டிம்னி, டிரிகர்டெக் போன்ற வேறு கம்பெனி டிரிகர் வாங்கி, கன்ஸ்மித் கையால் மாட்டிக்கொள்ளுங்கள். ஃபேக்டரி டிரிகரே நன்றாக இருக்க வேண்டும் என்றால், அடுத்த துப்பாக்கிக்கு டிக்காவையோ சாவேஜையோ பாருங்கள். சாவேஜின் அக்யூடிரிகரில் நடுவிலிருக்கும் மெல்லிய நாக்கை முழுசாக அழுத்தாமல் சியர் விடுபடாது, அதனால் லேசாக வைத்தாலும் கீழே விழுந்து வெடிக்கும் பயம் குறைவு.

எந்த டிரிகரை மாற்றினாலும், திருகினாலும், தோட்டா இல்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள். சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்தி விடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள். அடிகட்டையை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். எதிலாவது ஃபயரிங் பின் விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேட்டைக்கு வரக்கூடாது.

இன்னொன்று. உங்களுடையது 1982-க்கு முந்தையது என்றால் சேஃப்டி போட்டிருக்கும்போது போல்ட் திறக்காது. தோட்டாவை இறக்க சேஃப்டியை எடுத்தே ஆக வேண்டும். அந்த வேலையை வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ செய்யாதீர்கள். வெளியே நின்று, குழல் மண்ணைப் பார்த்திருக்க, பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள்.