"வயசாச்சு"ன்னு விட்டுடாதீங்க: முதியோர் ஹோம் நர்சிங் கேள்வி-பதில்

இந்தத் தடவ வந்த கேள்வில பாதி பெத்தவங்கள ஹோம்ல விட்டிருக்கற பசங்க அனுப்பினது, மீதி அங்க வேலை பாக்கற அட்டெண்டர்களும் நர்ஸ் பொண்ணுங்களும் கேட்டது. போன தடவ சொன்னதையே திரும்பச் சொல்றேன். வயசு, சுகர் பிபி இருக்கா, என்ன மாத்திரை ஓடுது, கடைசியா மோஷன் எப்ப போச்சு, இந்த நாலும் இல்லாம கேள்வி அனுப்பாதீங்க.

கே: அம்மாவுக்கு ஏர் பெட் வாங்கிக் கொடுத்தாச்சு, அப்படியும் இடுப்புக்குக் கீழ பெட் சோர் (படுக்கைப் புண்) வந்திருக்கு. பெட் சரியில்லையா?

ப: பம்ப் ஓடுதான்னு பாருங்க. ஓடுதுன்னா, ஏர் பெட் வந்த தைரியத்துல திருப்பிப் போடறத நிறுத்திட்டாங்களான்னு கேளுங்க, பல இடத்துல இதான் நடக்குது. ஏர் பெட் இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொசிஷன் மாத்தணும், முழுசா ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால தலகாணி வெச்சு 30 டிகிரி சாய்ச்சா போதும். கெண்டைக்காலுக்கு அடியில ஒரு தலகாணி வெச்சு குதிகால் பெட்ல படாம தூக்கி விடுங்க. நம்மூர் கருப்புத் தோல்ல ஆரம்பத்துல சிவப்பு சரியா தெரியாது, அதனால தொட்டுப் பாருங்க, பக்கத்துத் தோல விட சூடாவோ கெட்டியாவோ இருந்தா புண்ணு உள்ள ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அந்த இடத்துல எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க, பவுடர் கொட்டாதீங்க, நடுவுல ஓட்டை இருக்கற ரிங் குஷன் வேண்டவே வேண்டாம், அது சுத்தி இருக்கற தோலுக்குப் போற ரத்தத்தையும் அமுக்கிடும். தினம் முட்டையோ பருப்போ தயிரோ கூடுதலா போகணும், புரோட்டீன் இல்லாம எந்த டிரெஸ்ஸிங் பண்ணியும் ஆறாது.

கே: மாத்திரை முழுங்க மாட்டேங்கறாங்க, பொடி பண்ணி தயிர் சாதத்துல கலந்து கொடுக்கலாமா?

ப: அட்டையில எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், ரிடார்ட்னு போட்டிருந்தா கூடவே கூடாது, நாள் முழுக்க மெதுவா எறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்துல எறங்கிடும். மத்ததுக்கும் கேக்காம பண்ணாதீங்க, சிரப் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

கே: அப்பா சாப்பிட மாட்டேங்கறார். என்ன பண்ணலாம்?

ப: இவ்ளோதான் எழுதியிருக்கார். வயசு இல்ல, எத்தன நாளாங்கறது இல்ல, ஒண்ணுமில்ல. இப்படிக் கேட்டா உங்க அப்பாவுக்குத்தான் நஷ்டம். டார்ச் அடிச்சு வாயப் பாருங்க, வெள்ளையா படிஞ்சிருக்கா, பல்செட் லூஸாகி ஈறு புண்ணாகியிருக்கா. கடைசியா மோஷன் எப்ப போச்சு? சுகர் மாத்திரையோ இன்சுலினோ இருந்தா இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க, சாப்பாடு எறங்காம மருந்து மட்டும் போனா லோ சுகர் ஆகி விடியக்காலைல மயங்கிக் கெடப்பாங்க.

கே: 80 வயசு அப்பாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்). ராத்திரி கத்தறார், மூக்கு டியூபப் பிடுங்கறார்னு ஹோம்ல கைய பெட் ரெயில்ல கட்டி வெக்கறாங்க, தூங்கறதுக்கு மாத்திரையும் போடறாங்க. பாதுகாப்புக்குத்தான்னு சொல்றாங்க. சரியா?

ப: சரியில்ல. பாதுகாப்புன்னு சொல்லிக் கட்டறது பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட்ல ஆள் பத்தாததாலதான். கட்டினவங்க இழுத்து இழுத்து மணிக்கட்டுத் தோல் கிழியுது, வாந்தி வந்தா திரும்ப முடியாம நெஞ்சுக்குள்ள போகுது, பெட் சோர் வருது, ஒரு வாரத்துல கால்ல இருந்த தெம்பும் போயிடுது. பெட் ரெயிலத் தாண்டி ஏறி விழறவங்களுக்கு அடி இன்னும் பலமா படும், ஏன்னா விழற உயரம் ஜாஸ்தி. ஸ்டாஃப் வசதிக்காகக் கட்டக் கூடாதுன்னு அமெரிக்காவுல 1987லேயே நர்சிங் ஹோம்களுக்குச் சட்டம் போட்டாங்க, இங்க இன்னும் கிழிஞ்ச புடவத்துணிய எடுத்துட்டு வர்றாங்க, பாக்கவே வயிறு எரியுது.

கத்தறாருன்னா ஏதோ சொல்ல வர்றாரு. வலியா, யூரின் அடைச்சிருக்கா, மோஷன் எத்தன நாளா போகல, குளிரா, கண்ணாடியக் கழட்டிட்டதால பயமா, இதெல்லாம் பாத்தாங்களா? நான் பாத்த ஒரு தாத்தா தினம் ராத்திரி 2 மணிக்குக் கத்துவார், மாத்திரை டோஸ ஏத்திக்கிட்டே போனாங்க. அடிவயித்துல கை வெச்சுப் பாத்தா கல்லு மாதிரி இருந்துச்சு, யூரின் டியூப் போட்டதும் கிட்டத்தட்ட 800 மில்லி யூரின் வந்துச்சு, அன்னைக்கு விடியற வரைக்கும் தூங்கினார்.

அடுத்து அந்த மூக்கு டியூப். டிமென்ஷியா முத்தின நிலைல டியூப் வழியா ஊட்டறதால ஆயுசு கூடறதுமில்ல, நிமோனியா நிக்கறதுமில்ல. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே அந்த நிலைல டியூப் வேண்டாம், கையால மெதுவா ஊட்டுங்கன்னு சொல்லுது. டியூப எடுக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, எடுத்துட்டா பிடுங்க ஒண்ணுமில்ல, கட்டவும் வேண்டியதில்ல. நேரா உக்கார வெச்சு ஊட்டணும், படுக்க வெச்சு ஊட்டாதீங்க.

தூக்க மாத்திரைன்னு அவங்க சொல்றது குவெட்டியபைன், ஓலன்சபைன், ஹாலோபெரிடால் மாதிரி மனநோய்க்குக் கொடுக்கற மருந்தா இருக்கலாம், அட்டையப் பாருங்க. டிமென்ஷியா இருக்கற பெரியவங்களுக்கு இந்த வகை மருந்தால சாவு கூடுதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005ல எச்சரிக்கை போட வெச்சுது, 2008ல பழைய ரக மருந்துகளுக்கும் சேத்து. நீங்களா டக்குனு நிறுத்திடாதீங்க, எதுக்கு, எத்தன நாளைக்குன்னு எழுதின டாக்டர்கிட்ட கேளுங்க. கட்டச் சொன்னது யாரு, எத்தன மணி நேரம்னு சார்ட்டக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா 14567 முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க, வேற ஹோமும் தேட ஆரம்பிங்க.

கே: நான் அட்டெண்டர். ஒரு பாட்டிக்கு 4 நாளா தண்ணியா கொஞ்சம் கொஞ்சமா பேதி, மாத்திரை கொடுத்தும் நிக்கல.

ப: அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லி சிஸ்டர்கிட்ட இப்பவே சொல்லும்மா. அதுக்கு முன்னால மோஷன் எப்ப போச்சு? பல நாள் மலம் கெட்டியா அடைச்சு, சுத்தி இருக்கற தண்ணி மட்டும் கசியும், பாக்கறதுக்கு பேதி மாதிரியே இருக்கும். நர்ஸோ டாக்டரோ கையுறை போட்டுச் செக் பண்ணிட்டு எனிமா முடிவு பண்ணட்டும். நீயா எதுவும் பண்ணாத.

கே: மாமியார் ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசறாங்க. வயசாச்சு, அப்படித்தான்னு ஹோம்ல சொல்றாங்க.

ப: வயசு ரெண்டு நாள்ல ஆகாது. யூரின் இன்ஃபெக்‌ஷன், நிமோனியா, ரத்தத்துல சோடியம் (உப்பு) எறங்கறது, லோ சுகர், புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இதுல ஏதோ ஒண்ணு இருக்கும், இன்னைக்கே டாக்டர் பாக்கணும். பிபிக்கு நீர் மாத்திரை ஓடுதுன்னா சோடியம் டெஸ்ட கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, யூரின் நாத்தமடிக்குதுங்கறத மட்டும் வெச்சு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டாம், தண்ணி கம்மியா குடிச்சாலே நாறும்.

கே: டயாபர் ஒரு நாளைக்கு ரெண்டு போதுமா?

ப: போதாது. மோஷன் போனா அந்த நிமிஷமே மாத்தணும், யூரின்னா 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ பாக்கணும். தொடச்சு, ஈரம் ஒத்தி எடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் மெல்லிசா.

கே: யூரோ பேக (யூரின் டியூப்ல மாட்டற பை) படுக்கை மேல வெக்கலாமா?

ப: கூடாது, தரையிலயும் கூடாது. இடுப்புக்குக் கீழ, கட்டில் கம்பில தொங்கணும்.

கே: ஹோம்ல ரெண்டு பேருக்கு சொறி வந்திருக்கு, அவங்களுக்கு மட்டும் லோஷன் போடறாங்க.

ப: அந்த ரூம்ல இருக்கறவங்க, தொட்டுப் பராமரிக்கற ஸ்டாஃப், எல்லாருக்கும் ஒரே நாள் ராத்திரி போடணும், அரிப்பு இல்லாதவங்களுக்கும்தான், ஏன்னா அரிப்பு தெரியறதுக்கே நாலு, ஆறு வாரம் ஆகலாம். பெர்மெத்ரின் 5 பர்சன்ட், கழுத்துலேருந்து (வயசானவங்களுக்கு நெத்தி, தலையோரமும் சேத்து) கால் விரல் இடுக்கு வரைக்கும், நகத்தடியிலயும், காலைல குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. பெட்ஷீட், துண்டு எல்லாத்தையும் அன்னைக்கே சுடுதண்ணில போட்டு வெயில்ல காய வைங்க.