2009-இல் சேர்ந்த ஆசிரியருக்கும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கட்டாயமா?

ஆமாம், உங்களுக்கும் கட்டாயம்தான். 2009-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்ததால், ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு டெட் தேவையில்லை என்ற 2010 அறிவிக்கையின் விலக்கு பொருந்தும் என்கிறீர்கள். அது இனி கைகொடுக்காது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 2025 செப்டம்பர் 1 அன்று ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் மீதமிருந்தால், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். அதற்குக் குறைவு என்றால் டெட் இல்லாமலே ஓய்வு வரை தொடரலாம். பதவி உயர்வு மட்டும் கிடையாது.

பலரும் 2010-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, பணியில் இருப்பவர்களும் குறைந்தபட்சத் தகுதியைப் பெற வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்தை விட்டுவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்து ஆண்டைக் கணக்கிட, பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைப் பாருங்கள். 60 வயது முடியும் மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு முந்தைய மாதக் கடைசி. கல்வியாண்டு முடியும்வரை தரும் மறுநியமனத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் தமிழக அரசின் சீராய்வு மனுவை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். டெட் முதல் தாளுக்குத் தயாராகுங்கள். அப்புறம், யார் பயமுறுத்தினாலும் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தக் கேள்வியை அதிக நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வுக்கு விட்டிருக்கிறார்கள்.