கருப்பட்டியும் கோகோவும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஹாட் சாக்லேட் போடுவது எங்கள் வழக்கம். மாமனாருக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் நாங்கள் எல்லோரும் குடிக்க, அவர் மட்டும் வெந்நீரோடு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இந்த முறை சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் அவரும் குடிக்கலாமா? கடையில் கிடைக்கும் ‘சுகர் ஃப்ரீ’ பொடி பரவாயில்லையா? பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுச் செய்யலாம் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள தங்கைக்கு,

கருப்பட்டி வேண்டாம். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது நாம் வெள்ளைச் சர்க்கரை என்று ஒதுக்குகிற அதே பொருள். அதில் உள்ள தாதுக்கள் ஒரு கோப்பை அளவில் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது, மாமாவின் ரத்தத்தில் சர்க்கரை மட்டும் ஏறும். உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கருப்பட்டி மேல் உள்ள பிரியம் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘சுகர் ஃப்ரீ’ பொடி வாங்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் வைத்துவிடுங்கள். அது சர்க்கரையைவிட மெதுவாகத்தான் என்றாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், கொஞ்சம் கூடினால் வயிற்றையும் கலக்கும். சாதாரண டிரிங்கிங் சாக்லேட் பொடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எடை அதிகமான பொருளில் தொடங்கித்தான் பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் போட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான பாக்கெட்டுகளில் முதல் பெயரே சர்க்கரைதான்.

ஆனால் கோகோ மேல் எந்தக் குற்றமும் இல்லை. சர்க்கரை சேர்க்காத கோகோ ஒரு மேசைக்கரண்டி 5 கிராம் இருக்கும். அதில் மாவுச்சத்து 3 கிராமுக்குள்தான், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. வழக்கமான ஹாட் சாக்லேட்டில் மாவுச்சத்து வருவது பொடியில் உள்ள சர்க்கரையிலிருந்தும் பாலிலிருந்தும். பாலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 200 மில்லி பசும்பாலிலேயே லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 10 கிராமை ஒட்டி வந்துவிடும். ஆகவே மாற்ற வேண்டியது இரண்டு: பொடி, பால். பாலுக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே தேங்காய் இருக்கிறது.

நான்கு சின்னக் கோப்பைக்குச் சொல்கிறேன். இரண்டரை டம்ளர், அதாவது அரை லிட்டர் தண்ணீரில் ஒரு அங்குலப் பட்டை, இரண்டு கிராம்பு, தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு ஆறு, சின்னத் துண்டு சுக்கு போட்டு, கால் பங்கு சுண்டும் வரை கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். கிராம்பில் மட்டும் கை தாராளம் காட்டாதீர்கள். கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். மலையிலிருந்து வரும் நல்ல கிராம்பு என்றால் இரண்டே போதும், மூன்றாவது போட்டால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும்.

ஒரு கிண்ணத்தில் நான்கு மேசைக்கரண்டி கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. கொதிக்கிற மசாலாத் தண்ணீரைக் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். முதலில் மணல் மணலாக நிற்கும், தண்ணீர் உள்ளே போகாது. விடாமல் தேய்த்தால் சட்டென்று இளகி, பளபளவென்று கரண்டியில் வழியும். அந்தப் பதம் வந்த பிறகுதான் மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். அப்புறம் அடுப்பைத் தணித்து, ஒரு டம்ளர் கெட்டியான முதல் தேங்காய்ப்பால், 200 மில்லி, ஊற்றுங்கள். ஓரத்தில் ஆவி எழும்பியதும் இறக்கிவிடுங்கள், கொதித்தால் திரிந்துபோகும். இப்படிச் செய்தால் கோப்பைக்கு மாவுச்சத்து 5 கிராமை ஒட்டித்தான் வரும். பாலும் கடைப் பொடியும் போட்டதில் 20-க்கு மேல் போகும். தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம். மாமாவுக்கு இதயப் பிரச்சினை இருந்தால் அதற்குப் பதிலாகச் சர்க்கரை சேர்க்காத பாதாம் பால் விடுங்கள்.

இனிப்பே இல்லாமல் எப்படிக் குடிப்பது என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். இந்தப் பானம் பிறந்த ஊரில் சர்க்கரையே கிடையாது. மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் மாயா, அஸ்டெக் மக்கள் மிளகாய், வனிலா சேர்த்துக் குடித்தார்கள். கரும்புச் சர்க்கரை ஸ்பானியர்களோடு வந்தது. இன்றைக்கும் மெக்சிகோவில் சாக்லேட்டில் போடுகிற பட்டை பெரும்பாலும் இலங்கையிலிருந்துதான் போகிறது. காகிதம்போல மெல்லிசாக, சுருள் சுருளாக இருக்குமே, அது. நாவில் தானாக ஒரு இனிப்பு விடும். தடித்த பட்டையில் அது குறைவு, அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் அதிகம். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இதை அடிக்கடி போடுவீர்கள் என்றால் சுருள் பட்டைதான் வாங்க வேண்டும். கசப்பை உப்பும் தேங்காய்ப்பாலும் பாதி அடக்கிவிடும். கோகோ டப்பாவில் ‘ஆல்கலைஸ்டு’, அதாவது புளிப்புக் குறையப் பதப்படுத்தியது என்று போட்டிருந்தால் இன்னும் மென்மையாக இருக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஸ்டீவியா என்ற இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு இரண்டு சொட்டு. நாலாவது சொட்டில் அதுவே கசக்க ஆரம்பிக்கும்.

கடைசியாக ஆற்றுவது. கோகோ தண்ணீரில் கரைவதில்லை, துகளாகக் கலந்துதான் நிற்கிறது, அப்படியே வைத்தால் அடியில் தங்கிவிடும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய மாயா ஜாடி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெண் நின்றுகொண்டு ஒரு பாத்திரத்திலிருந்து கீழே உள்ள பாத்திரத்துக்கு நுரை வர ஊற்றுகிறாள், நம் டீக்கடையில் ஆற்றுவதைப்போலவே. நீங்களும் டபராவில் நாலு தடவை தூக்கி ஆற்றிக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். மாமாவுக்கென்று தனிப் பாத்திரம் வைக்காதீர்கள். எல்லோருக்கும் இதே பானைதான். பிள்ளைகள் இனிப்புக் கேட்டால், காய்ச்சி வடித்த கருப்பட்டிப் பாகை அவர்கள் டம்ளரில் விட்டுக் கலக்கிக் கொடுங்கள். கருப்பட்டிக்கும் இடம் கிடைத்துவிட்டது! தனியாகச் செய்து கொடுப்பதை வயதானவர்கள் வேண்டாவெறுப்பாகத்தான் வாங்குவார்கள், பத்தியம் என்ற நினைப்பு வந்துவிடும்.

பட்டை போட்டதால் சர்க்கரை இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பி மாத்திரையை விட்டுவிட வேண்டாம். மசாலாத் தண்ணீரை ஆராதனைக்குக் கிளம்பும் முன்பே காய்ச்சி வைத்துவிட்டால் திரும்பி வந்து பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதற்கு முன்னால், கேக் முறுக்கு எதுவும் இல்லாத ஒரு சாயங்காலம் இதை மட்டும் போட்டுக் கொடுத்து, குடிக்கும் முன்னும் 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று பார்த்தால் ஏற்றியது கேக்கா, கோகோவா என்று தெரியாது. என்ன எண் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா