ஐந்தாம் படிவப் படத்தில் இல்லாதவள்

வணக்கம் ஐயா,

நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தீவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் 1984இல் படிவம் ஐந்தை முடித்து, அதன் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதினோம். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் 18 பேர். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுவோம். இதுவரை நால்வர் காலமாகிவிட்டார்கள். அவர்களில் இருவர் கோவிட் காலத்தில் போனவர்கள். சாப்பிடும் முன் பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது எங்கள் வழக்கம். தைப்பூசத்தில் தண்ணீர் பந்தல் வேலை செய்யும் நண்பர்கள் இருவரும் எங்களோடு இருக்கிறார்கள்.

சென்ற மாதம் நாளிதழில் நினைவஞ்சலிப் பக்கத்தைப் புரட்டியபோது ஒரு முகம் என்னை நிறுத்தியது. படிவம் ஒன்றுக்கு முந்திய புகுமுக வகுப்பிலிருந்து படிவம் மூன்று வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். படிவம் மூன்றின் இறுதியில் எழுதும் எஸ்.ஆர்.பி. தேர்வில் தேறவில்லை. 1983 ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். அவள் இறந்து ஓராண்டு ஆகிவிட்டது என்பதை அந்த விளம்பரத்தில்தான் தெரிந்துகொண்டேன். குளுகோரில், எனக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறாள்.

எங்கள் பட்டியலில் அவள் பெயரையும் சேர்க்கலாம் என்று குழுவில் எழுதினேன். "அவர் நம்மோடு எஸ்.பி.எம். எழுதவில்லையே, இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது?" என்றார் ஒருவர். "எப்போதும் சாவைப் பற்றியே பேச வேண்டுமா? சந்தோஷமாகக் கூடிக் கலைவோம்" என்றார் இன்னொருவர். நான் மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. அவர்கள் சொல்வது சரியா ஐயா? அவள் வீட்டுக்குப் போக நினைக்கிறேன். ஓராண்டுக்குப் பிறகு போய் என்ன சொல்வது? நான் யார் என்று அவர்கள் கேட்டால்?

ம., பினாங்கு

அன்புள்ள ம. அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போங்கள். தாமதமாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். காரியம் முடியும் வரை வீடு கொள்ளாமல் ஆட்கள் இருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறைவார்கள். ஆண்டுத் திதி கழிந்தபின் இறந்தவரைப் பற்றிப் பேசவென்று அந்தப் படியேறுகிறவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். நினைவஞ்சலி விளம்பரத்தில் தொலைபேசி எண் இருந்தால் முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள். துக்கம் கேட்க வருவதற்கு நாள் கிழமை பார்க்கிற குடும்பமாக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் யார் என்று கேட்டால் "புகுமுக வகுப்பிலிருந்து உங்கள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தவள்" என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உறவுமுறை எதுவும் தேவையில்லை.

என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இத்தனை நீளமாகப் பதில் எழுத அந்தக் கேள்விதான் காரணம். கணவருக்குத் தெரிந்தது கல்யாணத்துக்குப் பிந்திய பெண்ணை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது, வேலையும் வீடுமாக ஓடிக்கொண்டிருந்த தாயை. பெற்றோர் இந்நேரம் போயிருக்கலாம். பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயது வரை அவர் எப்படிச் சிரித்தார், எந்தப் பாடத்துக்கு அழுதார், இடைவேளையில் யாரோடு பங்கிட்டுத் தின்றார் என்பதெல்லாம் உங்களிடம் மட்டும் இருக்கிறது. அது அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய சொத்து. உங்கள் கையில் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுங்கள்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து படித்தவன். பினாங்குப் பாலம் திறந்தது 1985இல். நாங்கள் படித்தது அதற்கு முன், படகை விட்டால் வேறு வழியில்லாத காலம். அவன் அம்மா விடியற்காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு கட்டிக் கொடுப்பார். உள்ளே வாழையிலை, வெளியே பழைய செய்தித்தாள். முதல் மணி அடிப்பதற்குள் எங்களிடம் விற்றுவிட்டு, சில்லறையை ஜியாமெட்ரி பெட்டிக்குள் போட்டுக்கொள்வான். கணக்குப் பாடத்தில் அவன் பெட்டியைத் திறந்தால் காசு குலுங்கும், ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார். பிற்காலத்தில் வங்கி அதிகாரியானான். அவன் இறந்து கருமக்கிரியை முடிந்த அன்று அவன் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். மூத்த மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையோரம் யாராவது ஓர் அம்மா நாசி லெமாக் விற்றால் அப்பா வண்டியை நிறுத்தாமல் போக மாட்டார், வயிறு நிறைந்திருந்தாலும் நாலைந்து பொட்டலம் வாங்கி அலுவலகத்துக் காவலருக்குக் கொடுத்துவிடுவார், ஏன் என்று கேட்டால் சொன்னதே இல்லை என்றாள். பாட்டி கட்டி விற்ற கதை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைப் பெருமையாக வெளியே சொல்லும் காலமாக அது இருக்கவில்லை. அவன் மறைத்தான் என்று நான் நினைக்கவில்லை, சொல்ல வாய்க்கவில்லை. எங்களில் ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பாட்டியின் உழைப்பும் அவனோடு போயிருக்கும்.

இனி உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நம்மோடு எஸ்.பி.எம். எழுதவில்லையே" என்ற சொல்லை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. எழுதவில்லைதான். ஏன் எழுதவில்லை? நம் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. அதற்கு மேல் தேசிய மொழியான மலாயில்தான் படிப்பு. ஆகவே தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப் பள்ளியிலிருந்தும் வந்த பிள்ளைகள் மொழியைப் பிடித்துக்கொள்வதற்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தார்கள். மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள் நேரே படிவம் ஒன்றுக்குப் போனார்கள். முந்திய ஆண்டு வரை வகுப்பில் முதல் பிள்ளையாக இருந்து, கை தூக்கித் தூக்கிப் பதில் சொன்ன பெண், திடீரென்று வரலாறும் விஞ்ஞானமும் புரியாமல் வாயடைத்து உட்கார்ந்திருப்பாள். அந்த ஓராண்டில் மொழி வசப்பட்டவர்கள் மேலே வந்தார்கள். வசப்படாதவர்களுக்கு மூன்றே ஆண்டுகளில் எஸ்.ஆர்.பி. வந்து நின்றது. அதில் தேறாதவருக்கு அரசாங்கப் பள்ளியில் படிவம் நான்கில் இடமில்லை. பணம் கட்டித் தனியார் பள்ளிக்குப் போகலாம், அல்லது வேலைக்குப் போகலாம். எஸ்.ஆர்.பி.க்குப் பதிலாக 1993இல் பி.எம்.ஆர். வந்தது. அதற்குப் பின் வந்த பிள்ளைகள் தேர்வு முடிவு எப்படியிருந்தாலும் படிவம் ஐந்து வரை போக முடிந்தது. அந்த மாற்றம் உங்கள் காலத்திலேயே வந்திருந்தால் உங்கள் தோழியும் உங்கள் படத்தில் நின்றிருப்பார். பதினாறு வயதில் ஒரு தேர்வு அவரை வகுப்பிலிருந்து நீக்கியது. இறந்தபின் அவருடைய சொந்த வகுப்பே அதே தேர்வைக் காட்டி இன்னொரு முறை நீக்க வேண்டுமா? இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, பட்டியல் நீளுமே என்ற கவலையில் கேட்டிருக்கிறார்.

எங்கே நிறுத்துவது என்பதை விட எங்கே தொடங்குவது என்று கேளுங்கள். புகுமுக வகுப்பின் முதல் நாள், ஆசிரியர் பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்றவர்களிலிருந்து தொடங்குங்கள். இடையில் வந்து சேர்ந்தவர்களையும் சேருங்கள். எத்தனை பேர் ஆனாலும் சரி.

பாயான் லெப்பாஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். 1972இல் தொடங்கிய அந்தத் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் மின்னணுச் சில்லுகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி, வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. பகல், இரவு என்று மாறி மாறி வரும் ஷிப்ட். பினாங்கு இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தொழில்வளம் அந்தக் கண்களின் மேல் எழுந்தது. அப்படிப் போன பல அக்காமார்களின் சம்பளத்தில் வீட்டில் தம்பி தங்கைகள் படிவம் ஐந்தையும் அதற்கு மேலும் எட்டினார்கள். உங்கள் தோழி வீட்டில் எப்படி என்று தெரியாது, போகும்போது கேளுங்கள். நீங்கள் கொடுப்பதற்கும் இருக்கிறது, பெற்றுக்கொள்வதற்கும் இருக்கிறது. படிவம் இரண்டிலோ மூன்றிலோ எடுத்த வகுப்புப் படம் உங்களிடம் இருந்தால் பெரிதாக்கிப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த வயதுப் படம் அவர் வீட்டில் இல்லாமலிருக்கலாம்.

"எப்போதும் சாவைப் பற்றியே பேச வேண்டுமா" என்று கேட்டவர் மேல் வருத்தம் வேண்டாம். அறுபதை ஒட்டிய வயதில் ஒவ்வொரு பெயரை வாசிக்கும்போதும் அடுத்தது யார் என்ற எண்ணம் வராமல் இருக்காது. குழுவில் சொல்லாத நோய் அவருக்கே இருக்கலாம். அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடான ஒரு பகுதியும் உண்டு. தலை குனிந்து ஒரு நிமிடம் நிற்பது அரசாங்க விழாக்களிலிருந்து நமக்கு வந்த பழக்கம். அந்த ஒரு நிமிடத்தில் இறந்தவர் நம் நடுவில் வருவதில்லை, அவர் இல்லை என்பது மட்டும்தான் வருகிறது. நம் முன்னோர் நடுகல்லில் பெயரோடு, அந்த மனிதர் செய்த காரியத்தையும் பொறித்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். மௌனத்தை விட்டுவிட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போதே ஆளுக்கு ஒரு சம்பவம் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அந்தக் கேள்வி கேட்ட நண்பரும் கூடச் சேர்ந்து சொல்லுவார் பாருங்கள்.

கோவிட் காலத்தில் போன இருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு இறப்பு வீட்டுக்குப் போக முடியாமல் ஆனது. தொற்றில் இறந்த பலரின் முகத்தை, அவர்கள் பெற்ற பிள்ளைகளே கண்ணாரப் பார்க்க முடியவில்லை. கட்டிப் பிடித்து அழ வேண்டிய வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதன. அந்த இரண்டு குடும்பங்களிடமும் உங்கள் குழுவிலிருந்து இதுவரை யாரும் நேரில் போகவில்லை என்றால், இப்போது போவதுகூடத் தாமதமான செயல் ஆகாது. போகிறவர்களில் ஒருவர் ஊழியர் சேமநிதி, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவற்றின் விவரம் தெரிந்தவராக இருக்கட்டும். சேமநிதிக்கு வாரிசை நியமிக்காமல் கணவர் இறந்துவிட்டால் மனைவி படுகிற அலைச்சல் சொல்லி மாளாது. நம் வீடுகளில் எத்தனையோ பேர் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

இன்னும் உயிரோடு இருந்து, உங்கள் பட்டியலில் இல்லாதவர்கள் இருப்பார்களே, படிவம் மூன்றோடு நின்ற மற்றவர்கள்? அவர்களை இப்போதே தேடுங்கள். அவரவர் படித்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் கிடைத்துவிடுவார்கள். பெண்களைத் தேடுவதுதான் கடினம். கல்யாணமாகி வேறு ஊர் போனபின் அக்கம்பக்கத்தில் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே அறியப்படுவார்கள். அண்ணன் தம்பி பெயரைச் சொல்லித் தேடிப் பாருங்கள்.

கிடைத்தவுடன் எண்ணைக் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். மகன் பட்டம் வாங்கிய படமும், லண்டன் போய் வந்த படமும் வரிசையாக வரும் குழுவில், நாற்பது ஆண்டுக்கு முன் தேர்வில் தேறாததை இன்னும் மனத்துக்குள் வைத்திருக்கும் ஒருவர் நுழைந்தால் இரண்டே நாளில் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். நீங்களே நேரில் போய் ஒரு தேநீர் குடித்துப் பேசிவிட்டு, அவர் விரும்பினால் சேருங்கள்.

குழுவைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. 120 நாட்கள் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக அழித்துவிடுகிறது. இறந்த நண்பரின் பெயர் குழுவிலிருந்து போய்விடும், அந்த எண் பிற்பாடு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகவும் கூடும். அவர் அனுப்பிய குரல் பதிவுகளும் படங்களும் உங்களில் யார் போனில் இருந்தாலும் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்தி, ஒரு பிரதியை அவர் வீட்டுக்குக் கொடுங்கள். குரல் பதிவு மிக முக்கியம். படம் எல்லா வீட்டிலும் இருக்கும், குரல் இருக்காது.

தண்ணீர் பந்தலில் வேலை செய்யும் உங்கள் நண்பர்கள் இருவரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கிற கூட்டத்தில் உங்கள் வயதொத்தவர்கள் மோர் வாங்க நின்றால், எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்கட்டும். உங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னால் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளட்டும். குளுகோருக்குப் போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.