வேலையை விடாமலே உள்ளே போகலாம்

சுற்றுச்சூழல் பேராசிரியராக இருந்துகொண்டே உலகக் காலநிலை ஆளுகைக்குள் நுழைய முடியுமா, வேலையை விடணுமா என்று கேட்டிருந்தீங்க. விடாதீங்க! ஐபிசிசி (காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழு) தன் அறிக்கையை எழுதுபவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. நிறையப் பேர் உங்களைப் போலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள்தான். அறிக்கை எழுதுபவராக உங்களை அரசோ, ஐபிசிசி ஏற்ற பார்வையாளர் அமைப்போ பரிந்துரைக்கணும், அது மெதுவாக நடக்கும். ஆனால் அறிக்கையின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வுக்கு நீங்களே பதிவு செய்யலாம். பக்கம், வரி எண்ணோடு ஆதாரமும் கொடுங்க. ஒவ்வொரு கருத்துக்கும் அறிக்கை எழுதுபவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாகணும்.

கூடவே நாடுகளுக்கிடையிலான காலநிலை ஒப்பந்தங்களின் மொழியைப் படிச்சுப் பழகுங்க. ஒப்பந்த வரைவில் சதுர அடைப்புக்குள் இருப்பது நாடுகள் இன்னும் ஒத்துக்கொள்ளாதது. 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் நாலாவது பிரிவில் ‘ஷல்’ (shall) என்பதை ‘ஷுட்’ (should) ஆக்கினதும் கடைசி நேரத்தில்தான். கட்டாயம் அறிவுரையாச்சு, ஒரே சொல்லில். (சட்டத்துறை நண்பர் ஒருத்தர் இருந்தால் இன்னும் நல்லது.)