ஜப்பானில் வீடும் வேலையும் மாறினால் எங்கே, எத்தனை நாளில் சொல்ல வேண்டும்?

வாசகர் கேள்வி: டோக்கியோ நிஷிகசாயில் ஐந்து வருடமாக இருந்தோம். நான் ஐ.டி. துறையில், இன்ஜினியர் விசா. மனைவியும் ஏழு வயது மகளும் டிபென்டன்ட் விசாவில் இருக்கிறார்கள். புது கம்பெனியில் சேர்ந்ததால் கவாசாகியில் முசாஷி கொசுகிக்கு வீடு மாறினோம். மாறி 40 நாள் ஆகிறது. ஜைரியூ கார்டில் (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை) இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது. எல்லாம் கம்பெனி எச்.ஆர். பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். விசாவையே ரத்து செய்துவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அடுத்த வருடம் விசா புதுப்பிக்க வேண்டும், பி.ஆருக்கும் (நிரந்தர வசிப்புரிமை) போடலாம் என்று இருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முகவரி சொல்ல உங்களுக்கு இருந்த கெடு 14 நாள், அது போய்விட்டது. ஆனால் விசா ரத்து வரைக்கும் போகக்கூடிய கெடு 90 நாள். பழைய வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் புது முகவரியைச் சொல்லாமல், அதற்குத் தக்க காரணமும் இல்லாமல் இருந்தால்தான் விசா தகுதியை ரத்து செய்ய சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள். அதற்காக இன்னொரு மாதம் தள்ளிப் போடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாரத்திலேயே ஒருநாள் லீவு போட்டு முடித்துவிடுங்கள்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், கார்டு ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இரண்டு அலுவலகங்கள் இருப்பது. 2012 ஜூலை 9 அன்று பழைய வெளிநாட்டவர் பதிவு முறையை ஜப்பான் எடுத்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி பெற்றவர்கள் ஜைரியூ கார்டு வாங்குகிறார்கள். ஜப்பானியர்களைப் போலவே நம் பெயர்களும் ஊர்க் குடியிருப்போர் பதிவேட்டில் ஏறுகின்றன. அந்தப் பதிவின் நகலான ஜூமின்ஹ்யோ நமக்கும் கிடைப்பது அதனால்தான். ஆகவே முகவரி சம்பந்தப்பட்டது எல்லாம் வார்டு ஆபீஸ் அல்லது சிட்டி ஆபீஸில். வேலை, பெயர், பாஸ்போர்ட் நாடு, கார்டு தொலைந்தது போன்றவை இமிக்ரேஷனில், அதாவது நியூகானில். வார்டு ஆபீஸ் கவுண்டரில் போய் "கம்பெனி மாறிவிட்டேன்" என்று சொன்னால் அவர்கள் தலையாட்டுவார்களே தவிர, அது எங்கேயும் பதிவாகாது.

முகவரியை முதலில் முடிப்போம். டோக்கியோவின் 23 வார்டுகளும் தனித்தனி நகராட்சி மாதிரி. நிஷிகசாய் அடங்கிய எடோகாவா வார்டிலிருந்து கவாசாகிக்குப் போவதென்றால் ஊர்விட்டு ஊர் மாறுவதுதான். அதனால் இரண்டு படி. பழைய இடமான எடோகாவாவில் டென்ஷுட்சு தொடோகே, அதாவது வெளியேறும் அறிவிப்பு கொடுத்து, வெளியேறியதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு முசாஷி கொசுகி அடங்கிய நாகாஹாரா வார்டு ஆபீஸில் டென்ன்யூ தொடோகே, அதாவது குடிவந்த அறிவிப்பு கொடுக்க வேண்டும். மை நம்பர் கார்டு (அரசு தரும் அடையாள எண் அட்டை) இருந்தால் முதல் படியை ஆன்லைனிலேயே செய்யலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து அந்த வசதி இருப்பது உண்மைதான். ஆனால் அது நேரத்தோடு மாறுகிறவர்களுக்கு ஏற்பட்டது. 40 நாள் கழித்து அதை நம்பி உட்கார வேண்டாம். நேரில் போய், அல்லது தபாலில் விண்ணப்பித்து, காகிதச் சான்றிதழையே வாங்கிவிடுங்கள். காலையில் எடோகாவாவுக்குப் போனால் மதியத்துக்குள் கவாசாகி கவுண்டரில் நிற்கலாம்.

கவாசாகியில் மூன்று பேரின் ஜைரியூ கார்டையும் கொடுங்கள். மகளுடையதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. புது முகவரியைக் கார்டின் பின்பக்கத்தில் பதிந்து தருவார்கள். இந்த டென்ன்யூவே இமிக்ரேஷனுக்குச் சொல்ல வேண்டிய முகவரி அறிவிப்பாகவும் ஆகிவிடும், கார்டை அங்கே காட்டினால் மட்டும். கார்டு இல்லாமல் ஊர்ப் பதிவை மட்டும் முடித்துவிட்டு வந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். குடும்பத்துக்கு ஒருவர் போனால் போதும். ஒரே வீட்டில் இருக்கிற மனைவியோ நீங்களோ மற்றவர்களுக்காகச் செய்யலாம். திருமணச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் வெளிநாட்டவராக இருக்கும்போது உறவைக் காட்டும் காகிதம் கேட்பது உண்டு.

தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொல்லலாம். இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "போன வாரம்தான் மாறினோம்" என்று தேதியை இழுத்து எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தாமதமாகச் சொல்வதற்கு இமிக்ரேஷன் சட்டத்தில் அதிகபட்சம் 2 லட்சம் யென் அபராதம். குடியிருப்போர் பதிவுச் சட்டத்தில் தனியாக 50,000 யென் வரை கட்டச் சொல்லலாம். பொய்யான தகவல் கொடுத்தாலோ ஒரு வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் யென் அபராதம். அதுவே விசா தகுதியை ரத்து செய்யத் தனிக் காரணமும் ஆகும். வாடகை ஒப்பந்தத்திலும் மின்சார, காஸ் பில்லிலும் நீங்கள் குடிவந்த தேதி இருக்கிறது. சின்னத் தப்பை மறைக்கப் பெரிய தப்பு எதற்கு? உண்மைத் தேதியை எழுதி, கம்பெனி செய்யும் என்று தவறாக நினைத்ததாகவே காரணமும் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே கவுண்டரில் இன்னும் இரண்டு வேலை. மை நம்பர் கார்டு இருந்தால் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கான பதிவு. நாலு இலக்க பின் நம்பர் கேட்பார்கள். டென்ன்யூ கொடுத்த பிறகு 90 நாள் அதைச் செய்யாமல் விட்டால் கார்டு செல்லாது. அடுத்தது மகளுக்கான குழந்தைகள் உதவித்தொகை. மூன்று வயது தாண்டிய முதல் குழந்தைக்கு மாதம் 10,000 யென். 2024 அக்டோபரிலிருந்து பெற்றோர் வருமான வரம்பு இல்லாததால் ஐ.டி. சம்பளக்காரர்களுக்கும் முழுதாக வருகிறது. ஆனால் ஊர் மாறினால் புது ஊரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாறி 15 நாளுக்குள் கொடுத்தால் மாதம் விட்டுப் போகாது, பிந்தினால் விண்ணப்பித்த அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கு. உண்மையைச் சொன்னால், இந்தத் தாமதத்தில் உங்களுக்கு நிச்சயமான பண நஷ்டம் இங்கேதான். மருத்துவச் செலவுக்கான குழந்தை அட்டையையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். புது கம்பெனியில் சேர்ந்ததை இமிக்ரேஷனுக்குச் சொன்னீர்களா? சொன்னதாக எழுதவில்லை. இன்ஜினியர் விசாவில் இருப்பவர் பழைய கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்ததையும், புது கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதையும், ஒவ்வொன்றையும் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் இதற்கும் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இமிக்ரேஷனின் ஆன்லைன் அறிவிப்புத் தளத்தில் ஒருமுறை பதிந்துகொண்டால் சில நிமிட வேலை. தபாலிலும் அனுப்பலாம். அப்போது படிவத்தோடு கார்டின் இரண்டு பக்க நகலையும் வையுங்கள். கெடு தாண்டியிருந்தாலும் கொடுப்பதுதான் சரி.

எச்.ஆர். விஷயத்தில் உங்கள் தப்பு புரிந்துகொள்ளக்கூடியதுதான். வெளிநாட்டவரை வேலைக்கு எடுத்தால் ஹலோ வொர்க் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கம்பெனி தகவல் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு "உங்கள் ரிப்போர்ட் முடிந்தது" என்று எச்.ஆரில் சொல்வார்கள். அது கம்பெனியின் கடமை முடிந்தது என்று அர்த்தம். உங்கள் பெயரில் நீங்கள் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கும். ஜப்பானில் எத்தனை பெரிய கம்பெனியாக இருந்தாலும் இந்த இரண்டும் தனித்தனிதான்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் இன்ஜினியர் விசா என்று எழுதியதால்தான் வெறும் அறிவிப்பு போதும் என்கிறேன். புள்ளி முறையில் வாங்கும் உயர்திறன் விசாவில் முதல் வகையாக இருந்தால் கதையே வேறு. அந்த விசா குறிப்பிட்ட கம்பெனியோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டில் கம்பெனி பெயர் உள்ள ஒரு தாள் ஒட்டியிருக்கும். கம்பெனி மாறும் முன்பே விசா மாற்ற அனுமதி வாங்கியாக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கார்டில் உள்ள விசா வகையை இப்போதே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பி.ஆர். பற்றிக் கேட்டீர்கள். நிரந்தர வசிப்புக்கான வழிகாட்டுதலில் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு இமிக்ரேஷன் சட்டம் கேட்கும் அறிவிப்புகளைச் சரியாகக் கொடுத்தாரா என்பதும் எழுத்திலேயே இருக்கிறது. ஒருமுறை தாமதமானாலே மறுத்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனி மாறிய அறிவிப்பு கொடுக்காமலே விண்ணப்பித்தால் பார்க்கிறவர் கண்ணில் அது படும், விளக்கமும் உங்களிடமே கேட்பார்கள். விசா புதுப்பிப்புக்கும் இதே நியாயம். கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அதற்குள் கார்டு, ஜூமின்ஹ்யோ, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரே முகவரி இருக்கட்டும்.

கார்டைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தை, இதைக் கேட்காதவர்களுக்காகவும். 16 வயதோ அதற்கு மேலோ ஆன எவரும் வெளியே போகும்போது அசல் கார்டை வைத்திருக்க வேண்டும். போனில் எடுத்து வைத்த படம் எடுபடாது. கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். போலீஸ் கேட்டும் காட்ட மறுத்தால் சிறைத் தண்டனை வரைக்கும் இருக்கிறது. கார்டு கையில் இருந்தால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். உங்கள் மகளுக்கு இந்தக் கட்டாயம் இப்போதைக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் புதுப்பித்தால் இமிக்ரேஷனுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஜைரியூ கார்டில் பாஸ்போர்ட் எண் இருக்காது. பெயர் எழுத்து மாறினால் மட்டும் 14 நாளுக்குள் நியூகான் போக வேண்டும். கார்டு தொலைந்தால் தெருமுனைப் போலீஸ் சாவடியில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி, தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் இமிக்ரேஷனில் மாற்றுக் கார்டு கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

உங்கள் மனைவிக்கு ஒரு வரி. டிபென்டன்ட் விசா உங்களைச் சார்ந்து நிற்பது. அதில் இருப்பவர்கள் கணவனோ மனைவியோ இறந்தாலும், விவாகரத்து ஆனாலும் 14 நாளுக்குள் இமிக்ரேஷனுக்குச் சொல்லியாக வேண்டும். நல்ல நாளில் பேச வேண்டிய விஷயமில்லைதான், ஆனால் அந்தக் கஷ்டத்தில் இருக்கும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நல்ல செய்தியிலும் கெடு உண்டு. இன்னொரு குழந்தை பிறந்தால் 14 நாளுக்குள் ஊர் அலுவலகத்தில் பிறப்புப் பதிவு, 30 நாளுக்குள் நியூகானில் குழந்தைக்கு விசா தகுதி.

கடைசியாக, தபால். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்தால் பழைய வீட்டுக்கு வருகிற கடிதங்களை ஒரு வருடம் இலவசமாகப் புது வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் வங்கிக் கார்டு போன்ற முக்கியமான உறைகளில் "வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டாம்" என்று ஜப்பானியத்தில் அச்சிட்டிருக்கும். அவை புது வீட்டுக்கு வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அதனால் வங்கி, கிரெடிட் கார்டு, போன் கம்பெனிகளில் தனித்தனியாக மாற்றுங்கள். ஜப்பான் ஓட்டுநர் உரிமம் இருந்தால் புது ஜூமின்ஹ்யோ ஒன்றைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தில் உரிமத்தின் முகவரியையும் அதே லீவு நாளில் மாற்றிவிடலாம்.