மீள் அடுக்கில் மிதக்கும் துளிகள்: பழனிமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பூம்பாறை விவசாயி): பூண்டு வயலில் மூட்டும் புகை அடுத்த மழையில் போய்விடுகிறது. எரிமலைப் புகை மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது?

பதில்: அது நிற்கும் இடத்தில் மழை இல்லை, ஐயா. நம் பகுதியில் ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் தொடங்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மீள் அடுக்கை மழைமேகம் எட்டுவது அரிது. அங்கே நீடிப்பதும் சாம்பல் அன்று. சாம்பல் விரைவில் இறங்கிவிட, கந்தக டை ஆக்சைடு வாயு சில வாரங்களில் கந்தக அமிலத் துளிகளாக மாறித் தங்கிவிடுகிறது. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை அவ்வாயுவை ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் வரை மேலே அனுப்பியதால், உலகச் சராசரி வெப்பநிலை அடுத்த ஆண்டில் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் தாழ்ந்தது.

கேள்வி (கொடைக்கானல் கல்லூரி மாணவி): இத்துளிகளை அளக்க இருபது ஆண்டுகள் விண்வெளியில் ஓடும் கருவி தேய்ந்துபோகாதா? அதன் அளவை எப்படி நம்புவது?

பதில்: தேயும். தேய்ந்தும் பொய் சொல்லாத வகையில் முறையை அமைத்திருக்கிறார்கள் என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1984 முதல் 2005 வரை இயங்கிய நாசாவின் சேஜ் 2 கருவி, புவியைச் சுற்றும்போது நாளொன்றுக்குச் சுமார் 15 சூரிய உதயங்களையும் 15 மறைவுகளையும் கண்டது. காற்றுக்கு வெளியே தெளிவாகத் தெரியும் சூரியனை ஒருமுறையும், அதே சூரியன் வளிமண்டல விளிம்பின் வழியே மங்குவதை மறுமுறையும் அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது, சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவிலும் சமமாக இருக்கும் கருவியின் தேய்மானம் நீங்கிவிடுகிறது. குறைகளும் உண்டு. நாளுக்கு முப்பது இடங்களை மட்டுமே காண்பதால் உலகைத் தழுவ ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பினாட்டுபோவுக்குப் பின் பல மாதங்கள் படலம் மிக அடர்ந்திருந்ததால், கீழ்ப்பகுதியில் சூரிய ஒளி கருவியை எட்டவேயில்லை. எப்போது பார்க்க வேண்டுமோ அப்போது அதற்குக் கண் தெரியவில்லை.

கேள்வி (பெருமாள்மலை ஆசிரியர்): இத்துளிகளை அளந்த பதிவில் இடைவெளி உண்டா?

பதில்: உண்டு. சேஜ் 2க்கு முந்தைய சேஜ் 1 கருவி 1981 நவம்பரில் நின்றது. அந்த இடைவெளியில்தான் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை 1982 மார்ச், ஏப்ரலில் வெடித்தது. அப்போதிருந்த சாம் 2 என்னும் கருவி துருவப் பகுதிகளை மட்டுமே கண்டது. 2005க்குப் பின் 2017இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சேஜ் 3 பொருத்தப்படும் வரை, 2001இல் ஏவப்பட்ட ஸ்வீடனின் ஓடின் செயற்கைக்கோளில் உள்ள ஒசிரிஸ் போன்ற, வேறு முறையில் அளக்கும் கருவிகளே இடத்தை நிரப்பின. இரண்டு கருவிகள் சேர்ந்து இயங்கிய ஆண்டுகள் இல்லையேல் அவற்றின் அளவுகளைக் கோப்பது பெரும்பாடு.

கேள்வி (வட்டக்கானல் வாசகர்): எரிமலை வெடிக்காத காலத்தில் அங்கே ஒன்றும் இராதா?

பதில்: மெல்லிய படலம் இருந்துகொண்டே இருக்கும், கடலிலிருந்து வரும் கார்பனைல் சல்பைடு அதற்கு ஒரு முக்கிய மூலம். இதைப் ‘பின்னணி’ என்பார்கள். அச்சொல் எனக்கு உவப்பானதன்று. 2000க்குப் பின் இப்பின்னணி தடித்தபோது முதலில் ஆசியாவின் நிலக்கரிப் புகையை ஐயுற்றார்கள். பின்னரோ சிறிய, நடுத்தர எரிமலை வெடிப்புகளே பெரும் காரணம் எனத் தெரிந்தது.

கேள்வி (அதே வாசகர்): நம் கொடைக்கானலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபின், செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அந்த ஒளியை, நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியே ஆராய்ந்தவர் அங்கே கல்லூரிப் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவரும் அவரே.